குதிரையைத் தபாலில் அனுப்புவது

போன ஆடியில், மெயில் வழியாக நடக்கும் செஸ் ஆட்டத்தில், காக்காவின் (எங்கள் பக்கம் அண்ணனை அப்படிக் கூப்பிடுவதுண்டு) சிப்பாய் ஒன்று எட்டாவது கட்டத்தைத் தொட்டு ராணியானது. என் கணினி அதை ஏற்க மறுத்தது. 'இப்படி ஒரு நகர்வு இல்லை' என்று சிவப்பில் ஒரு வரி காட்டியது. அவர்தான் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்து, "காக்கா, கடைசி நகர்வைக் கொஞ்சம் சரிபார்த்து அனுப்புங்க" என்று எழுதினேன். கப்பலில் இருந்து பதில் வர இரண்டு நாள் ஆயிற்று. "தம்பி, என் ஆட்டத்துல தப்பு இல்ல. உன் மிஷினுக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போடு."

காக்கா கீழக்கரைக்காரர். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். நான் மண்டபத்தில் இருக்கிறேன். நான்கு வருடமாக மின்னஞ்சலில் செஸ் ஆடுகிறோம். அதற்காக நானே எழுதிய சின்னச் செயலி ஒன்று இருக்கிறது. வருகிற மெயிலைப் படித்து நகர்வைப் பலகையில் வைக்கும், என் நகர்வை மெயிலாக்கிக் கொடுக்கும். முப்பது நகர்வு வரை ஒழுங்காக ஓடிய அது ராணி பிறந்ததும் ஏன் படுத்தது?

சிப்பாய் ராணியாவதைச் செஸ் குறிப்பில் 'இ8=கியூ' என்று எழுதுவார்கள் (ஆங்கில எழுத்துகளை ஒலியால் எழுதுகிறேன்). நடுவில் ஒரு சமக்குறி. மின்னஞ்சலுக்கும் அதே சமக்குறிமேல் ஒரு கண் உண்டு. 1982-ல் மின்னஞ்சலைக் கைமாற்றும் எஸ்எம்டிபி விதிகள் எழுதப்பட்டபோது ஆங்கில எழுத்துகள் மட்டும் போனால் போதும் என்று இருந்தது. 1992-ல் மைம் என்கிற ஏற்பாடு வந்து, மற்ற எழுத்துகளையும் ஆங்கிலக் குறிகளாக மாற்றி அனுப்ப வழி செய்தது. அதில் ஒரு முறையில் சமக்குறிதான் 'இனி வருவது மாறுவேடம்' என்று சொல்லும் அடையாளம். அப்படியானால் உண்மையான சமக்குறியை எப்படி அனுப்புவது? அதற்கும் மாறுவேடம் போட்டுத்தான்: '=3டி'. ஆக, காக்கா அனுப்பிய நகர்வு வழியில் 'இ8=3டிகியூ' ஆகிவிட்டது. எந்த மெயில் நிரலில் திறந்தாலும் வேடம் கலைந்து சரியாகத் தெரியும். என் செயலி மட்டும் மெயிலின் மூலக் கோப்பை அப்படியே வாசித்துக்கொண்டிருந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

அஞ்சல் சதுரங்கச் செயலி எழுதுகிறவர்களுக்குச் சதுரங்கம் பெரிய தொல்லையே இல்லை. யானை நேராகப் போகும், குதிரை தாவும் என்று நிரல் எழுத நூறு உதாரணங்கள் கிடைக்கின்றன. துணி நன்றாக இருந்தும் தையல் விடுகிற கதைதான் இது. செயலியும் மெயில் நிரலும் ஒட்டுகிற இடத்தில்தான் பிரியும்.

இந்தக் காலத்தில் எதற்கு மெயில், செல்போனில் எத்தனையோ செஸ் ஆப் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. காக்காவின் கப்பலில் சாட்டிலைட் வழியாக ஒரு நாளைக்கு இரண்டு தடவை மெயில் மூட்டை ஏறி இறங்கும். அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு. இணையப் பக்கம் திறப்பது எட்டாக்கனி. எங்கள் பக்கமும் தனுஷ்கோடி ரோட்டில் போனால் சிக்னல் தன் இஷ்டத்துக்கு வரும், போகும். எப்போதும் இணைப்பில் இருந்தால்தான் ஆட்டம் என்றால் எங்கள் இருவருக்கும் ஆட்டமே கிடையாது.

இந்தக் கடற்கரைக்கு அந்த மாதிரித் தபால் பழக்கப்பட்டதுதான். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னையில் ஏற்றிய தபால் பை ரயிலில் தனுஷ்கோடி வரும். அங்கே நீராவிக் கப்பலுக்கு மாறும். தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயிலேறிக் கொழும்பு போகும். ரயிலுக்கு போட் மெயில் என்று பெயர் வந்தது அதனால்தான். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி போய்விட்டது, தபால் நிலையத்தின் சுவர் போல இடிபாடுகள்தான் மணலில் நிற்கின்றன. பெயர் போகவில்லை. ராமேஸ்வரம் ரயிலைப் பெரியவர்கள் இன்றும் போட் மெயில் என்றே சொல்கிறார்கள்.

மின்னஞ்சல் போகிற விதமும் அதுவேதான். ஒரு சர்வர் பையை வாங்கி வைத்துக்கொள்ளும், அடுத்த சர்வர் கதவைத் திறந்தால் கைமாற்றும். திறக்காவிட்டால் காத்திருந்து மறுபடி தட்டும். தட்டுவதற்கு இடையே அரை மணி நேரமாவது விட வேண்டும், குறைந்தது நாலைந்து நாள் முயன்ற பிறகுதான் கைவிட வேண்டும் என்று விதியே சொல்கிறது. கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும், பை எங்கும் போய்விடாது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பிந்தி எழுதிய மெயில் முந்தி வரலாம். ஒரே மெயில் இரண்டு தடவை வரலாம். செயலி இதை எதிர்பார்த்துத் தயாராக இருக்க வேண்டும். இருபத்திரண்டாவது நகர்வு இரண்டாம் தடவை வந்தால் 'ஏற்கெனவே வந்தாச்சு' என்று சும்மா இருக்கத் தெரிய வேண்டும், அதை இருபத்து மூன்றாகப் பலகையில் வைத்துவிடக் கூடாது.

தபால்கார்டு ஆட்டக்காரர்கள் இதையெல்லாம் நமக்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். லண்டனும் எடின்பரோவும் 1824-ல் தொடங்கிய தபால் ஆட்டம் 1828 வரை இழுத்தது, எடின்பரோ ஜெயித்தது. 1951-ல் அஞ்சல் சதுரங்கத்துக்கென்றே உருவான ஐசிசிஎஃப் என்கிற சர்வதேசக் கூட்டமைப்பு இன்றும் போட்டிகள் நடத்துகிறது. 1987-ல் தொடங்கிய அவர்களுடைய ஒலிம்பியாட் ஒன்று 1995-ல் முடிந்தபோது வெண்கலம் கிழக்கு ஜெர்மனிக்குப் போனது. அந்த நாடு இல்லாமல் போய் அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. மெதுவான ஆட்டம் என்றால் எவ்வளவு மெது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கார்டுகளில் இருந்து செயலிக்குக் கிடைத்த பெரிய சொத்து எண் குறிப்பு. குதிரைக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்து, ஜெர்மனில் வேறொன்று, ரஷ்யனில் எழுத்து வடிவமே வேறு. ஆகவே எழுத்தையே விட்டுவிட்டார்கள். பலகையின் எட்டு நெடுவரிசைகளுக்கும் இடமிருந்து 1 முதல் 8, கிடைவரிசைகளுக்கும் கீழிருந்து 1 முதல் 8. எந்தக் காயும் கிளம்பும் கட்டம், சேரும் கட்டம் என்று நான்கு இலக்கம். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் போனால் 5254. வெள்ளைக் குதிரை வழக்கமான இடத்துக்குத் தாவினால் 7163. வெள்ளை ராஜா குட்டைப் பக்கம் கோட்டை கட்டினால் 5171. சிப்பாய் மேல் பதவி பெற்றால் ஐந்தாவதாக ஒரு இலக்கம்: ராணிக்கு 1, யானைக்கு 2, மந்திரிக்கு 3, குதிரைக்கு 4. காக்காவின் ராணி அன்றைக்கு 57581 என்று வந்திருந்தால் எந்த வேடமும் அதைத் தொட்டிருக்காது. வெறும் இலக்கங்களைக் கெடுக்கிற மெயில் நிரலை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஆனால் எண்ணுக்கு ஒரு குறை உண்டு. 7163 என்று எழுதப்போய்க் கை தவறி 7183 என்று எழுதினால் அதுவும் சட்டப்படி சரியான நகர்வுதான், குதிரை பலகை ஓரத்துக்குப் போய் நிற்கும். அஞ்சல் ஆட்டத்தில் அனுப்பிய நகர்வைத் திரும்ப வாங்க முடியாது. கைப்பிழையால் தோற்ற ஆட்டங்கள் ஏராளம். எனவே எண்ணோடு, நகர்வுக்குப் பிறகு பலகை எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதற்கு ஃபென் என்ற ஒருவரிக் குறிப்பு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் டேவிட் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பத்திரிகையாளர் வகுத்தது, ஸ்டீவன் எட்வர்ட்ஸ் அதைக் கணினிக்கு ஏற்றபடி நீட்டினார். நிலை எவ்வளவு சிக்கலானாலும் நூறு எழுத்துக்குள் அடங்கிவிடும். எண்ணும் நிலையும் ஒத்துப்போனால் நகர்வு சரி. ஒத்துப்போகாவிட்டால் செயலி எதையும் பலகையில் வைக்காமல் ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

அதே எட்வர்ட்ஸ் 1993-ல் வகுத்ததுதான் பிஜிஎன், முழு ஆட்டத்தையும் எழுதிவைக்கும் முறை. நாற்பது நகர்வு ஆட்டம் ஒன்று தலைப்புகளோடு சேர்த்து ஒரு கிலோபைட்டுக்குள் முடிந்துவிடும். காலைவணக்கப் படம் ஒன்றில் நூறு ஆட்டத்தை அடைக்கலாம். இதனால்தான் நான் ஒவ்வொரு மெயிலிலும் முதல் நகர்விலிருந்து கடைசி வரை முழுவதையும் அனுப்புகிறேன். நடுவில் ஒரு மெயில் தொலைந்தாலும் அடுத்தது வந்து அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். பிஜிஎன்னில் வெள்ளைக்காய் ஆடுபவர், கறுப்புக்காய் ஆடுபவர் இருவரின் மின்னஞ்சல் முகவரிக்கும் தனித் தலைப்பே உண்டு. மெயில் ஆட்டத்தை மனதில் வைத்தே அதைச் செய்திருக்கிறார்கள்.

இனி மெயில் நிரலோடு கை குலுக்கும் இடம். எக்ஸ்-போர்டு என்ற பழைய செஸ் நிரலோடு சிமெயில் என்றொரு துணை நிரல் வரும், லினக்ஸ் ஆட்கள் அதில் ஆடினார்கள். ஸ்கிட் என்ற ஆட்டத் தரவு நிரல் சிமெயில் வழியையே ஒட்டி, உங்கள் கணினியில் எந்த மெயில் நிரல் இருக்கிறது, அதை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அமைப்பிலேயே கேட்டுவிடும். இப்படிக் கேட்கவேண்டி வருவதற்குக் காரணம், எல்லா மெயில் நிரலையும் ஒரே குரலில் கூப்பிட முடியாது என்பதுதான்.

பொதுவான வழி என்று ஒன்று உண்டு. இணையப் பக்கத்தில் மெயில் முகவரியைத் தொட்டால் கடிதத்தாள் விரிகிறதே, அந்த 'மெயில்டூ' முகவரி. பெறுநர், பொருள் வரி, கடித உடல் எல்லாவற்றையும் அதற்குள் அடைக்கலாம். கோப்பு இணைக்க அந்த விதியில் இடமில்லை. பாதுகாப்புக்காக அது நல்லதுதான். ஏதோ ஒரு பக்கத்தைத் தொட்டதும் உங்கள் ரகசியக் கோப்பு கடிதத்தில் ஏறினால் என்ன ஆகும்? இன்னொரு சிக்கல் தமிழ் எழுதுகிறவர்களுக்கே உரியது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியேற்றத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். இந்த முகவரிக்குள் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறி போட்டு மூன்று எழுத்தாகும். ஆக 'க' என்ற ஒரே எழுத்துக்கு ஒன்பது இடம். 'கீழக்கரை' என்று எழுத 72 இடம். பழைய விண்டோஸ் உலாவி ஒன்று மொத்த முகவரிக்கே 2,083 எழுத்து வரைதான் கொடுத்தது. காக்காவுக்கு நாலு வரி ஊர்ச்செய்தி எழுதினாலே வாசல் அடைத்துக்கொள்ளும். எனவே மெயில்டூ வழியில் நகர்வும் நிலையும் மட்டும் போகட்டும், பேச்சைக் கடிதத்தாள் விரிந்த பிறகு கையால் எழுதிக்கொள்ளலாம்.

தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் வசதி. 'கம்போஸ்' என்ற கட்டளையோடு கூப்பிட்டால் பெறுநர், பொருள், இணைப்புக் கோப்பு எல்லாம் நிரம்பிய கடிதம் திறக்கும். பகுதிகளைப் பிரிக்க அது கமா பயன்படுத்துகிறது. பிஜிஎன்னோ ஆட்டக்காரர் பெயரைக் குடும்பப் பெயர், கமா, சொந்தப் பெயர் என்று எழுதச் சொல்கிறது. பெயரைப் பொருள் வரியில் போட்டு, மேற்கோள் குறி போட மறந்தால் கடிதம் பாதியில் அறுந்துவிடும். (எங்கள் ஊரில் குடும்பப் பெயர் ஏது, இன்ஷியல்தான். கமா தப்பியது.) விண்டோஸில் மாபி என்று தனி வழி. ஆண்ட்ராய்டில் 'பகிர்' பொத்தானே போதும். கோப்பைக் கொடுத்துவிட்டால் எந்த மெயில் ஆப்பும் வாங்கிக்கொள்ளும்.

செயலியே நேராக மெயில் பெட்டிக்குள் போய் அனுப்பவும் படிக்கவும் செய்தால் என்ன? முன்பு செய்யலாம். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் செயலியிடம் கொடுத்தால் போதும். 2022 மே 30-க்குப் பிறகு ஜிமெயில் அந்தக் கதவை மூடியது. இப்போது ஓஆத் என்ற அனுமதிச் சீட்டு முறை வேண்டும், அல்லது செயலிக்கென்று தனிக் கடவுச்சொல். பிறருக்குக் கொடுக்கும் செயலி ஒருவருடைய மெயில் முழுவதையும் படிக்க வேண்டுமானால் கூகுளின் சரிபார்ப்பைத் தாண்ட வேண்டும். ஓய்வு நேரத்தில் செஸ் செயலி எழுதும் ஆளுக்கு அது மலை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஒரு குதிரையை நகர்த்துவதற்காக என் வங்கிக் கடிதமும் வீட்டுக் கடிதமும் இருக்கிற பெட்டியின் சாவியை எந்தச் செயலிக்கும் நான் தரமாட்டேன். மற்றவர்களையும் தரச் சொல்லமாட்டேன். செயலி கடிதம் எழுதட்டும். அனுப்புவதும் வாங்குவதும் மெயில் நிரலின் வேலை.

வாங்கும் பக்கம்தான் அழுக்கு அதிகம். இணைப்பாக வந்த பிஜிஎன் கோப்பைத் தொட்டதும் செயலி திறந்தால் பாதி வேலை முடிந்தது. கோப்பு வராமல் கடித உடலில் நகர்வு வந்தால்தான் பாடு. பதில் எழுதும்போது பழைய கடிதம் கீழே தொங்கும், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு அம்புக்குறியோடு. இருபது தடவை பதில் போனால் இருபது அம்பு. அதில் எது இன்றைய நகர்வு, எது போன மாத நகர்வு? வரிகள் நீண்டால் சில நிரல்கள் 78 எழுத்துக்குள் மடித்துவிடும், ஃபென் வரி இரண்டாக முறியும். கறுப்பு நகர்வுக்கு முன் வைக்கும் மூன்று புள்ளியைச் சில விசைப்பலகைகள் அழகுபடுத்துவதாக ஒரே எழுத்தாக்கும், நேர் மேற்கோளை வளைத்துவிடும். இத்தனைக்கும் நடுவே 'நான் விடுமுறையில் இருக்கிறேன்' என்று தானியங்கிப் பதில் வந்து விழும். அந்தப் பதிலின் தலைப்பில் 'தானாக அனுப்பப்பட்டது' என்ற குறி இருக்க வேண்டும் என்று விதி உண்டு. அதைப் பார்க்காத செயலி பதிலுக்குப் பதில் போட, இரண்டு இயந்திரங்களும் இரவெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்.

என் வழி இதுதான். கடிதத்தின் நடுவில் ஒரே ஒரு வரி. ஆட்ட எண், நகர்வு எண், நகர்வின் இலக்கங்கள், கடைசியில் சரிபார்ப்பு எண் ஒன்று. செயலி அந்த வரியை மட்டும் தேடும். அம்புக்குறி முன்னால் இருந்தால் கண்டுகொள்ளாது. பொருள் வரியிலும் ஆட்ட எண் இருக்கும், ஆனால் அதை நம்பிச் செயலி எதையும் செய்யாது. பதில் எழுதும் நிரல்கள் பொருள் வரிக்கு முன்னால் தம் மொழியில் 'பதில்' என்று ஒட்டிக்கொண்டே போகும், சில பேர் அங்கேயே 'காய்ச்சல், நாளை அனுப்புகிறேன்' என்று எழுதிவிடுவார்கள்.

பொருள் வரியில் தமிழ் எழுத ஆசைப்பட்டு ஒரு வாரம் போனது. மெயில் தலைப்புகளில் தமிழ் பொதுவாக நேராகப் போகாது. துண்டு துண்டாகக் குறிமாற்றம் செய்து அனுப்ப வேண்டும். ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ஓலைக்கட்டு மாதிரி முன்னும் பின்னும் கட்டும் குறிகளுக்கு 12 போக, மிச்சத்தில் 45 பைட் அடங்கும். அதாவது 15 தமிழ்க் குறிகள். 'கீழக்கரை' என்பதற்குக் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு எட்டுக் குறி. கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி. ஒரு எழுத்தின் மூன்று பைட்டுக்கு நடுவில் துண்டு விழக் கூடாது என்பது விதி. விதியைப் படிக்காமல் எழுதிய நிரல் அங்கேயே வெட்டும், பொருள் வரியில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி முளைக்கும். டிஸ்கி, டாப் என்று எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் வைத்து மெயில் எழுதிய காலத்தை நினைத்தால் இது ஒன்றுமே இல்லைதான்.

கணக்கில் சண்டை வரும் ஒரே இடம் நேரம். ஐசிசிஎஃப் போட்டிகள் பலவற்றில் 10 நகர்வுக்கு 50 நாள். நானும் காக்காவும் அதையே வைத்துக்கொண்டோம். தபால்கார்டில் முத்திரை பேசும். மெயிலில் 'தேதி' என்ற தலைப்பு இருக்கிறது, அதை எழுதுவது அனுப்புகிறவரின் கணினி. கப்பல் கிழக்கே போகப் போகக் கடிகாரத்தை மாற்றுவார்கள். ஒருமுறை காக்காவின் பதில், நான் கேள்வி அனுப்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எழுதப்பட்டதாகக் காட்டியது. நம்பத் தகுந்தது வேறொன்று. கடிதம் கடந்துவரும் ஒவ்வொரு சர்வரும் 'பெறப்பட்டது' என்று தன் நேரத்தோடு ஒரு வரியைத் தலைக்கு மேல் ஒட்டும், ரயிலில் தபால் பிரித்த ஆர்எம்எஸ் வண்டியில் ஊருக்கு ஊர் முத்திரை குத்தியது மாதிரி. கீழிருந்து மேலாகப் படித்தால் பயணம் தெரியும். அதில் ஆக மேலே உள்ளது என் சொந்த சர்வர் குத்திய முத்திரை. செயலி அதை உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, அதிலிருந்து நாள் கணக்குப் போடுகிறது.

சின்னதாக இன்னொன்று. ஜிமெயில் ஒரு உரையாடலில் நூறு கடிதம் வரைதான் சேர்த்துக் காட்டும், பிறகு புதுக் கட்டாகப் பிரித்துவிடும். ஐம்பது நகர்வு தாண்டிய ஆட்டத்தில் கடிதங்களின் எண்ணிக்கை அதைத் தொடும். ஆட்டத்தின் வரலாற்றை மெயில் பெட்டி காப்பாற்றும் என்று இருந்துவிடக் கூடாது.

இப்போது ஏழாவது ஆட்டம் நடக்கிறது. காக்காவின் கப்பல் சிங்கப்பூர் போகிறது. பாக் நீரிணையில் ஆழம் போதாது, ஆகவே எங்கள் ஊரை ஒட்டி வர வழியில்லை, இலங்கையைச் சுற்றிக்கொண்டு தெற்கே போகும். நேற்று வந்த கடிதத்தில் வழக்கமான வரிக்குக் கீழே கையால் எழுதியிருந்தார்: "நீ மந்திரியை வெட்டினா 4151. வெட்டலைன்னா குதிரைய எடுத்துக்கிறேன். ரெண்டு நாள் மெயில் வராது தம்பி, அதான் முன்கூட்டியே." இப்படி 'நீ அப்படி ஆடினால் நான் இப்படி' என்று நிபந்தனை போட்டு அனுப்புவது தபால் ஆட்டத்தின் பழைய வழக்கம், ஒரு சுற்றுத் தபாலை மிச்சப்படுத்தும். என் செயலிக்கு இன்னும் நிபந்தனை புரியாது. மந்திரியை வெட்டிவிட்டு, 4151-ஐ நானே பலகையில் வைத்தேன்.